இரண்டு தலை ஒயர்

அக்டோபர் 7, திங்கள்

ஜெனரேட்டர் வந்தது. கடைக்காரர் கையேட்டை நீட்டி, ஒருமுறை படித்துவிட்டு ஓட்டச் சொன்னார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைத் தாங்காமல் அனுப்பிவைத்தது; படித்துவிட்டு ஓட்ட நான் என்ன ரயிலா ஓட்டப்போகிறேன் என்றேன். கடையே சிரித்தது. (கடையில் அவரும் நானும்தான் இருந்தோம்.)

மாடியில் குடியிருக்கும் தங்கையும் மாப்பிள்ளையும் இறங்கி வந்து பார்த்தார்கள். மாப்பிள்ளை லைன்மேன். கம்பம் ஏறுகிறவர் என்பதால் கரண்ட் தன் சொத்து என்று நினைப்பு. புகை ஆளைக் கொன்றுவிடும், வீட்டுக்குள் வைக்காதீர்கள் என்றார். முற்றத்தின் கோடியில் வைத்தேன். அது என் யோசனைதான், அவர் முந்திக்கொண்டார்.

அக்டோபர் 9, புதன்

விளக்குக்கு ஒரு ஒயர், ஃபேனுக்கு ஒரு ஒயர் என்று முற்றத்திலிருந்து இழுப்பது நோஞ்சான் வேலை. நான் ஒரே ஒயரின் இரண்டு முனையிலும் பிளக் மாட்டினேன். ஒரு தலை ஜெனரேட்டரில், மறு தலை சுவர் சாக்கெட்டில். வீடு முழுக்கக் கரண்ட்! விஞ்ஞானிகளுக்கு ஏன் இது தோன்றவில்லை?

"அவரைக் கேட்டியாண்ணே?" என்றாள் தங்கை. எதற்குக் கேட்க வேண்டும்? கேட்டால் பெயர் அவருக்குப் போய்விடும்.

அக்டோபர் 10

கரண்ட் போகவே இல்லை. என்ன ஊர் இது.

அக்டோபர் 14, திங்கள்

சாயங்காலம் பலத்த காற்று. கிளை முறிந்து கம்பியில் விழ, தெருவே இருண்டது. மாப்பிள்ளை எதிர்க் கம்பத்தில் ஏறியிருந்தார். அவர் மேலே திண்டாடும்போது கீழே என் வீடு ஜொலிக்க வேண்டும் என்று ஆசை. ஜெனரேட்டர் கயிற்றை ஒரே இழுப்பு. (மூன்றாவது இழுப்பு.) என் வீடு ஜொலித்தது, எதிரே தையல் கடை விளக்கும் மினுக்கியது. ஊருக்கே வெளிச்சம் கொடுத்தேன். பிறகு இயந்திரம் இருமிக்கொண்டு நின்றது.

மாப்பிள்ளை இறங்கி நேரே என்னிடம் வந்தார். பாராட்டுக்குத் தயாராக நின்றேன்.

"மெயின் சுவிட்சை இறக்கலையே மச்சான். உங்க கரண்ட் வீட்டோட நிக்காது. மீட்டர் வழியா வெளிக் கம்பிக்கு வந்துடும்."

ஊருக்கே வெளிச்சம் கொடுத்தேனே என்றேன்.

"இந்தப் பக்கம் கரண்ட்டை நிறுத்திட்டுதான் ஏறினேன். தொடுறதுக்கு முன்னாடி டெஸ்டர் வச்சேன். லைட்டு எரிஞ்சுது."

அவ்வளவுதான். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

தங்கை அவர் பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்தாள். இரண்டு பிளக்கையும் பிடுங்கி, ஒயரை நடுவில் வெட்டினாள்.

"ஊருக்கே வெளிச்சம் குடுத்தியாமே. என் வீட்டுக்காரரை விட்டுட்டுக் குடு."

அக்டோபர் 15

தங்கை சாப்பாடு கொடுத்தனுப்பினாள். தான் இறங்கி வரவில்லை. உப்பு, காரம் எல்லாம் சரியாகவே இருந்தது. அதுதான் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 17, வியாழன்

கையேட்டைப் படித்தேன். என் கண்டுபிடிப்பை நான்காம் பக்கத்திலேயே படம் போட்டு, அதன்மேல் பெரிய பெருக்கல் குறி போட்டிருக்கிறார்கள். என் மூளை எனக்கு முன்பே அச்சேறிவிட்டது.

அவரு மட்டும் அந்த டெஸ்டரை வைக்காம இருந்திருந்தா— வேண்டாம். எழுத வேண்டாம்.

அக்டோபர் 27, ஞாயிறு

காலையில் தங்கை முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது ஜெனரேட்டரின் பெட்ரோல் தொட்டியை நிரப்பினேன். இயந்திரம் ஆறியிருந்தது; கையேட்டை நான்காம் பக்கத்தோடு நான் நிறுத்தவில்லை. விளக்குக்கு ஒன்று, ஃபேனுக்கு ஒன்று என்று தனித்தனி ஒயரும் தயார்.

சாயங்காலம் மறுபடி காற்று, மறுபடி இருட்டு. மாப்பிள்ளை அதே கம்பத்தில். இந்த ஒயர்களால் அவருக்கு ஓர் ஆபத்தும் இல்லை, தெரியும். ஆனாலும் கம்பத்தடியில் போய் நின்றுகொண்டேன்.

தையல்காரர் வந்து, இன்றைக்கு ஊருக்கு வெளிச்சம் கிடையாதா என்றார். பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்றேன். இவ்வளவு பெரிய ஆளுக்குப் பெட்ரோல் வாங்கி வைக்கத் தெரியவில்லையா என்று சிரித்தார். சிரிக்கட்டும்.

தங்கை இரண்டு தம்ளர் டீயோடு வந்தாள். ஒன்றை என்னிடம் நீட்டினாள்.

"பெட்ரோல் தீந்துடுச்சாண்ணே?"

"ஒரு சொட்டு இல்ல" என்றேன்.

"ம்" என்றாள். அவர் இறங்கும்வரை இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.