நோன்பு நாளில் எடுத்த ரத்தம்

துபான்,
22 மார்ச் 2024

அன்புள்ள வுர்யானி அக்காவுக்கு,

போன்ல பேசினா உனக்குக் காது கேக்கிறதில்லை, அதான் எழுதுறேன். நீ குடுத்த கிட்னி நல்லா வேலை செய்யுது. நேத்து ரத்தம் எடுத்தாங்க. அதை உடம்பு ஒதுக்கிடாம இருக்கப் போடுற மருந்து ரத்தத்துல அதிகமா இருக்காம், டாக்டர் மாத்திரையைப் பாதியாக் குறைச்சுட்டார். படகு இன்ஜின் வேலைக்கும் போக ஆரம்பிச்சுட்டேன்.

உன் தம்பி,
தர்முஜி

மலாங்,
29 மார்ச் 2024

அன்புத் தம்பிக்கு,

சந்தோஷம். ஆனா மாத்திரையைக் குறைச்சது எனக்குச் சரியாப் படலை. ஏன்டா, நீ நோன்பு வைக்கிறியா? டாக்டரும் வேண்டாம்னார், இமாமும் உனக்குக் கடமையில்லைன்னு சொல்லிட்டார். அப்புறமும் வீம்பு பிடிக்கிற ஆளுதான் நீ. உள்ளதை மறைக்காம எழுது. எனக்கு மழை வந்தா தழும்பு இழுக்குது, மத்தபடி சுகம்.

அக்கா,
வுர்யானி

துபான்,
4 ஏப்ரல் 2024

அக்கா,

நோன்பெல்லாம் வைக்கலை. சத்தியமா. நீ சும்மா மனசைப் போட்டுக் குழப்பிக்காதே.

தர்முஜி

துபான்,
19 ஜூன் 2024

அக்கா,

பொய் சொல்லிட்டேன். நோன்பு வச்சேன். பிழைச்சு எழுந்த முதல் ரமலான், நன்றியை வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. மாத்திரையை விடலை, விடியுமுன்ன சஹர் சோத்தோட போட்டுக்கிட்டேன். மாத்திரை போடுறதுக்கு முன்னாடிதான் ரத்தம் எடுக்கணும். வெறும் வயிறுதானேன்னு நர்ஸ் கேட்டாங்க. விடிஞ்சதுலேர்ந்து பச்சைத் தண்ணிகூட வாயில படலைன்னேன், உண்மைதானே. மாத்திரையும் இன்னும் போடலைன்னு அவங்க நினைச்சுட்டாங்க. போட்ட கொஞ்ச நேரத்துல எடுத்த ரத்தம், மருந்து அதிகமாத்தான் காட்டும். அதை நம்பி டாக்டர் குறைச்சுட்டார்.

வழக்கமான சோதனையில ஒண்ணும் தெரியலை. புதுசா ஒண்ணு வந்திருக்கு, ரத்தத்தைச் சிங்கப்பூருக்கு அனுப்புறாங்க. கிட்னி அடிபட்டா அதோட டி.என்.ஏ. துணுக்கு ரத்தத்துல கலக்குமாம். எது என்னோடது, எது உன்னோடதுன்னு பிரிச்சுச் சொல்லிடுறாங்க. உன்னோடது நிறைய இருக்கு அக்கா. என் உடம்பு உன்னைத் தின்னுக்கிட்டு இருக்கு. ஊசி போட்டுக் காப்பாத்தப் பாக்கிறாங்க. ஏதாவது எழுது. திட்டியாவது எழுது.

தர்முஜி

மலாங்,
12 மார்ச் 2025

தர்முஜி,

உன் கடிதம் எல்லாம் வந்தது. பதில் எழுத உக்காந்தா கை வரலை. கிட்னி போயிடுச்சு, நீ மறுபடி டயாலிசிஸ் மிஷின்ல படுக்கிறதா உன் பொண்டாட்டியும் எழுதியிருந்தா. அழுதேன். கிட்னிக்காக மட்டும் இல்லை. வாயைத் திறந்து கேட்டேனே, சத்தியம் பண்ணிப் பொய் சொன்னியே. அன்னிக்கு உள்ளதைச் சொல்லியிருந்தா நான் டாக்டர்கிட்ட ஓடியிருப்பேன். மாத்திரையைப் பழையபடி கூட்டியிருப்பாங்க. மிஷினுக்குப் போறதை மட்டும் தவற விடாதே.

பெருநாளுக்கு வர்றதா எழுதியிருக்கே. போன வருஷமும் வந்தே. தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்சதையெல்லாம் மன்னிச்சிடுன்னு காலைத் தொட்டே, பெருநாள் வழக்கப்படி நானும் மன்னிச்சேன்னு தலையைத் தடவினேன். இந்த வருஷம் வராதே. நீ குனிஞ்சா நான் மன்னிச்சேன்னு சொல்லித்தான் ஆகணும். எனக்குப் பொய் சொல்ல வராது.

வுர்யானி