எங்கேயும் போகாத அம்மா

2024 ஒக்டோபர் 1, செவ்வாய்

சிறுவர் தினம் என்று பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கெல்லாம் ஆளுக்கொரு படப் புத்தகம் கொடுத்திருக்கிறார்கள். கொழும்பிலிருந்து யாரோ பெட்டி பெட்டியாக அனுப்பினார்களாம். என் மகள் மதுஷா தொப்பலாக நனைந்து வந்தாள். புத்தகம் நனையவில்லை. சட்டைக்குள் செருகி வைத்திருந்தாள்.

பெயர் 'அம்மாவுக்குப் பசிக்கவில்லை'.

விஜிதான் வாசித்துக் காட்டினாள். நான் குவைத்தில் இருந்த காலமெல்லாம் தன் அண்ணன் மகளை வளர்த்தவள் அவள். பிள்ளைக்குக் கதை என்றால் அத்தையின் குரல்தான். நான் தையல் மெஷினில் இருந்தபடி கேட்டேன். ஓர் அம்மா, ஒரு மகன். வீட்டில் ஒரு ரொட்டி. அம்மா அவனுக்குக் கொடுத்துவிட்டு 'எனக்குப் பசிக்கவில்லை' என்கிறாள். ஒரு குடை, அதுவும் அவனுக்கு. அவனுக்குக் காய்ச்சல், அவளுக்குத் தூக்கம் வரவில்லையாம். பாதியிலேயே விஜியின் குரல் உடைந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே முடித்தாள்.

பிறகு நான் எடுத்துப் பார்த்தேன். படங்கள் அழகு, இல்லையென்று சொல்லமாட்டேன். கடைசிப் பக்கத்தில் மகன் பெரியவனாகிப் பெட்டியோடு வந்து நிற்கிறான். அம்மா தலை நரைத்து, அதே வாசலில். கீழே பெரிய எழுத்தில்: 'அம்மா எங்கேயும் போகவில்லை. அம்மா எப்போதும் இங்கேயேதான் இருந்தாள்.'

மூடி வைத்துவிட்டேன்.

ஒக்டோபர் 3, வியாழன்

பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் அங்கேயும் அதே பேச்சு. தேயிலைத் தோட்டத்து லயத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற வீடெல்லாம் புத்தகம் வந்துவிட்டதே. பக்கத்து வீட்டுப் பெரியாயி அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. பேத்தி வாசிக்கக் கேட்டு அழுதிருக்கிறது. "என் கதைய யாரோ ஒளிஞ்சிருந்து பாத்து எழுதுன மாதிரி இருக்கு புள்ள" என்றது. நிலுக்ஷி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, "நமக்கெல்லாம் நல்லாப் பசிக்குதுக்கா. இது பசிக்காதவங்க எழுதினது" என்றாள். பெரியாயி அக்காவுக்குக் கோபம். "தாயி அருமை ஒனக்கு என்னாடி தெரியும்?"

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்காமல் பார்த்தார்கள்.

ஒக்டோபர் 4, வெள்ளி

எனக்குப் பசித்தது. என் பிள்ளைக்கும் பசித்தது. அதனால்தான் போனேன்.

ஒக்டோபர் 9, புதன்

மதுஷாவின் தண்ணீர்ப் போத்தலைக் கொடுக்கப் பள்ளிக்கூடம் போனேன். வகுப்புச் சுவரில் வரிசையாகப் படங்கள் ஒட்டியிருந்தன. மேலே 'என் அம்மா' என்று தலைப்பு. புத்தகத்தை வாசித்துவிட்டு வரையச் சொன்னாராம் கிருபாகரன் சேர்.

மதுஷாவின் படத்தைத் தேடினேன். பச்சைச் சட்டை, நீளப் பின்னல், கன்னத்தில் மச்சம். விஜி.

என் அம்மா. விஜி.

சேர் நல்ல மனிதர். பதறிப்போனார். "புள்ளைங்க மனசுல வந்தத வரைஞ்சாங்க. நான் ஒண்ணும் சொல்லல" என்றார். அப்போது பக்கத்தில் நின்ற பிள்ளை ஒன்று, "சேர், இந்த அம்மா மாதிரி யாருக்கு அம்மா இருக்காங்க, கை தூக்குங்கன்னு கேட்டீங்கதானே? மதுஷா மட்டும் தூக்கல்ல" என்றது.

தெமோதரைச் சந்தியில் நூல் வாங்கவேண்டியிருந்தது. வாங்காமல் வந்துவிட்டேன்.

ஒக்டோபர் 10, வியாழன்

என் வீட்டுக்காரர் தேயிலை பெக்டரியிலிருந்து வந்ததும் அவரிடம் சொன்னேன். "சின்னப் புள்ள புத்தகத்தோட என்னா சண்டை ஒனக்கு?" என்று சிரித்தார்.

சின்னப் பிள்ளைப் புத்தகம்தான். அதனால்தான் சண்டை. பெரியவர்கள் வாசித்தால் கொஞ்ச நேரம் அழுதுவிட்டுத் துடைத்துக்கொள்வார்கள். பிள்ளை அதை வைத்து என்னை அளந்து பார்க்கும்.

சரி, ஏன் அம்மாவுக்கு மட்டும்? அப்பா எங்கே அந்தப் புத்தகத்தில்? பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தேன். ஒரு மூலையில்கூட இல்லை. ஒரு செருப்புக்கூட இல்லை. அவரை யாருமே கேட்கவில்லை, 'எங்கே போனீர்கள்' என்று.

ஒக்டோபர் 16, புதன்

பெற்றோர் கூட்டம். வாசிப்பு மாதம் என்பதால் இருபத்தைந்தாம் திகதி விழா. மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் அம்மாவும் மேடையில் சேர்ந்து அந்தப் புத்தகத்தை வாசிக்கவேண்டுமாம்.

நான் எழுந்து நின்றேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். உட்காரவில்லை.

"சேர், நான் வாசிக்கமாட்டேன். குவைத்துல நான் வேல பாத்த வீட்டுலயும் ஒரு சின்னப் பொண்ணு இருந்திச்சு. அத குளிப்பாட்டி, ஊட்டி, தூங்கவெச்சது நான். அந்தப் புள்ளயோட அம்மா காலையில ஆபீஸ் போனா பொழுதுபட்டுத்தான் வருவா. அவளுக்கு யாரும் இப்பிடி ஒரு புத்தகம் குடுக்கல. அவளோட புள்ளகிட்ட யாரும் கை தூக்கச் சொல்லல. வூட்டுலயே இருந்தாத்தான் அம்மான்னா, இந்தத் தோட்டத்துல பாதிப் புள்ளைங்களுக்கு அம்மாவே இல்லன்னு சொல்லிருங்க."

பின்வரிசையில் செசிலி எழுந்தாள். மேல்லயத்துக்காரி. அவள் அம்மா லெபனானுக்குப் போய் வந்தவர். "எங்கம்மா போனதாலதான் நான் ஏ.எல். வரைக்கும் படிச்சேன்" என்றாள். நிலுக்ஷி கை தட்டினாள். பெரியாயி அக்கா எழுந்து என்னைப் பார்த்தே, "போனது சரின்னே இருக்கட்டும். இருந்தவங்க கதையச் சொல்லக்கூடாதா? இருந்தவங்களுக்கு ஒரு புத்தகம் வந்தா ஒனக்கு ஏன் வலிக்குது?" என்றது. அதற்கும் கை தட்டினார்கள். கூடுதலாகவே.

கிருபாகரன் சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்கம்மா கொழுந்து பறிச்சவங்க. எனக்குச் சோறு போட்டுட்டு வெறும் தேத்தண்ணிய குடிச்சிட்டுப் படுப்பாங்க. இந்தப் புத்தகத்த வாசிச்சிட்டு நான் ஸ்டாஃப் ரூம்ல அழுதேன். அது பொய்யின்னு என்னால சொல்ல முடியாதுங்க." நடிப்பு இல்லை.

பொய் என்று நானும் சொல்லவில்லையே. அது மட்டும்தான் அம்மா என்கிறார்களே, அதைத்தானே சொன்னேன்.

வரும் வழியில் விஜி என்னோடு நடக்கவில்லை. முன்னால் போய்விட்டாள்.

ஒக்டோபர் 17, வியாழன்

விஜி நேற்றிலிருந்து பேசவில்லை. காலையில் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போய் வந்தாள், குளித்தாள், துணி மடித்தாள். மதுஷா வெளியே விளையாடப் போனதும், மடித்த துணியைக் கட்டிலில் போட்டுவிட்டு ஆரம்பித்தாள்.

"அந்தப் புத்தகத்துல ஒரு வரிகூட பொய் இல்ல அண்ணி. எனக்குப் பசிக்கலன்னு நான் சொல்லியிருக்கேன். இதே வூட்டுல. ஒங்க புள்ளகிட்ட."

"நான் அனுப்பினேனே விஜி—"

"அனுப்புனீங்க. மொத வருசம் அந்த ஏஜென்சிக்காரன் ஏமாத்தினப்போ என்னா வந்திச்சு? நான் யார்கிட்டயும் சொல்லல. ஒங்ககிட்டயும் சொல்லல. அழுவீங்கன்னு." மூச்சு வாங்கினாள். "அந்தப் புத்தகத்த வாசிச்சப்போதான், நான் செஞ்சதும் ஒரு வேலைதான்னு யாரோ வந்து சொன்ன மாதிரி இருந்திச்சு. அதப் போயி அத்தன பேர் முன்னாடி நின்னு மிதிச்சிட்டீங்க."

கட்டிலில் கிடந்த துணியை எடுத்து மறுபடி மடித்தேன். கூட்டத்தில் வந்ததே அவ்வளவு வார்த்தை! எங்கே போயிற்று எல்லாம்?

ஒக்டோபர் 18, வெள்ளி

விஜியை நான் நினைக்கவே இல்லை. புத்தகத்தைத் திட்டினேன், பிள்ளையை நினைத்தேன், என்னை நினைத்தேன். அவளை —

அவளுக்கு இரண்டு தரம் மாப்பிள்ளை வந்தது. ஹாலிஎலவிலிருந்து வந்த பையனை அவளுக்குப் பிடித்தும் இருந்ததாம். 'மதுஷா கொஞ்சம் பெருசாகட்டும்' என்று தள்ளிவிட்டாள். போனில் இதை அவர் எனக்குச் சந்தோஷமாகச் சொன்னார். நானும் சந்தோஷப்பட்டேன். அப்பாடா என்று.

ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. நேற்றைவிட இன்றைக்குத்தான் அந்தப் புத்தகத்தின் மேல் கோபம் கூடுகிறது. விஜியை அழவைத்து, 'நீ பெரியவள்' என்று தலையைத் தடவிக்கொடுத்து, அதே வாசலில் நரைக்கும் வரை உட்காரவைத்துவிடுகிறதே! அந்தக் கடைசிப் படத்தில் இருப்பது நான் இல்லை. விஜி. யார் சொன்னது அவள் அங்கேயே இருக்கவேண்டும் என்று?

இதை அவளிடம் சொல்லவேண்டும். இன்றைக்குச் சொன்னால் மூஞ்சியில் எறிவாள்.

ஒக்டோபர் 20, ஞாயிறு

மழை. மதுஷா இஸ்தோப்புத் திண்ணையில் கலர் பென்சிலைப் பரப்பிக்கொண்டு இருந்தாள். கேட்கக்கூடாது என்று பத்து நாள் வாயைக் கட்டியிருந்தேன். கேட்டுவிட்டேன்.

"படத்துல ஏன்டா அத்தைய வரைஞ்சே?"

நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மொதல்ல ஒங்களத்தான் வரைஞ்சேன். தல மட்டும்தான் வந்திச்சு."

"தல மட்டுமா?"

"போன்ல தல மட்டும்தானே தெரியும். கால் எப்பிடி இருக்கும்னு நெனச்சுப் பாத்தேன், வரல. சேர் முழுசா வரையணும்னு சொன்னாங்க. அத்தைன்னா லேசு."

இவ்வளவுதான். நான் என்னென்னவோ நினைத்து நெஞ்சு வெந்துகொண்டிருந்தேன். நான் திரும்பி வந்து ஆறு மாதமாகிறது. என் கால் அவள் கண்ணில் படவே இல்லையா? எப்போதும் மெஷினுக்குக் கீழேதானே இருக்கிறது.

அவளுக்கு முன்னால் உட்கார்ந்து காலை நீட்டினேன். "இந்தா, பாத்து வரை." குனிந்து பார்த்தாள். பெருவிரல் நகம் கறுத்திருப்பதைத் தொட்டு, "இது என்னா?" என்றாள். குவைத்தில் வோஷிங் மெஷினை நகர்த்தும்போது விழுந்தது என்றேன். வலித்ததா என்று கேட்டாள். ரொம்ப வலித்தது என்றேன். வலிக்கவே இல்லை என்று நான் ஏன் சொல்லவேண்டும்? கறுப்புப் பென்சிலைத் தேடி எடுத்து அந்த நகத்தைத் தனியாகத் தீட்டினாள்.

ஒக்டோபர் 22, செவ்வாய்

விஜியிடம் சொன்னேன். "அது ஒன் புத்தகம். மேடையில நீ வாசி. நான் முன்வரிசையில இருக்கேன்."

"ஒங்களுக்குத்தான் அது புடிக்காதே."

"இப்பவும் புடிக்கல. நீ வாசி."

ஒக்டோபர் 25, வெள்ளி

விஜியும் மதுஷாவும் வாசித்தார்கள். விஜி பச்சைச் சட்டையைப் போடவில்லை. நான் தைத்துக் கொடுத்த நீலத்தைப் போட்டிருந்தாள். குரல் ஓர் இடத்திலும் உடையவில்லை. மண்டபம் பாதி அழுதது. பெரியாயி அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டது. நிலுக்ஷி என் பக்கம் திரும்பிக் கண்ணைச் சுழற்றினாள்.

நான் அழவில்லை. எழுந்து நின்று கை தட்டினேன். என் நாத்தனாருக்கு.

முடிந்ததும் கிருபாகரன் சேர் வந்தார். "கை தூக்கச் சொன்னது என் பிழைங்க. இனி கேக்கமாட்டேன். ஆனா புத்தகத்துல பிழை இல்ல."

"புத்தகத்துலயும் இருக்கு சேர்."

"சரி, அதப் பத்தி நாம சண்டை புடிச்சிட்டே இருப்போம்" என்று சிரித்தார்.

இறக்கத்தில் வரும்போது விஜிதான் முதலில் பேசினாள். "அண்ணி, பாத்தீங்களா, அந்த அம்மாவுக்குப் பேரே இல்ல. இன்னிக்கு மேடையில நின்னப்போதான் தெரிஞ்சுது. மவனுக்குப் பேர் இருக்கு, நாய்க்குப் பேர் இருக்கு."

கொஞ்ச தூரம் போனதும், "எல்ல டவுன்ல கெஸ்ட் ஹவுஸ் ஒண்ணுல கிச்சனுக்கு ஆள் கேக்கறாங்க. போன வருசமும் கேட்டாங்க. நான் வரலன்னுட்டேன்" என்றாள்.

அந்த வாசல் படத்தைப் பற்றி நான் சேர்த்துவைத்திருந்ததை எல்லாம் அங்கேயே, நடுரோட்டில், சொல்லிக் கொட்டினேன். கேட்டுக்கொண்டே நடந்தாள். கோபப்படவில்லை. "அழுதுட்டு அப்பிடியே இருந்துருவேன்னு பயந்தீங்களாக்கும்?" என்றாள்.

நவம்பர் 3, ஞாயிறு

தீபாவளிப் பலகாரம் தீர்வதற்குள் வீட்டில் சண்டை. அவருக்குத் தங்கையை அனுப்ப மனமில்லை. வயசுப் பிள்ளை, வெளிநாட்டுக்காரர்கள் வருகிற இடம், நாலு பேர் என்ன சொல்வார்கள் — எல்லாம் சொல்லித் தீர்த்துவிட்டுக் கடைசியாக, "ஒனக்குத் தைக்கிற வேல தலைக்கு மேல இருக்குன்னு சொல்றே. அவளும் போயிட்டா புள்ளைய யாரு பாக்கறது?" என்றார்.

"நீங்க" என்றேன்.

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. விஜியும் சிரிக்கவில்லை. மதுஷா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்குச் சிரிப்பு தானாக நின்றது.

நவம்பர் 11, திங்கள்

காலை பஸ்ஸில் விஜி போய்விட்டாள். பஸ் கிளம்பும்வரை மதுஷாவுக்குச் சோடா வாங்கிக் கொடுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தாள். யாரும் அழவில்லை. பெரியாயி அக்கா மட்டும் வேலியோரம் நின்று, "ஆக, எல்லாரும் போறீங்க" என்றது.

"வருவோம்க்கா" என்றேன்.

2025 ஜனவரி 19, ஞாயிறு

விஜிக்கு இரண்டு நாள் லீவு. நேற்றுப் பின்னேரம் வந்தாள். கையில் எண்ணெய் தெறித்த தழும்பு, உதட்டில் சாயம், பேச்சில் இரண்டு மூன்று புது வார்த்தை. ஹாலிஎலப் பையன் இன்னும் கல்யாணம் கட்டவில்லையாம். அதை எப்படித் தெரிந்துகொண்டாள் என்று நான் கேட்கவில்லை.

இன்றைக்கு வெயில் ஏறியும் தூங்கிக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் அவள் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. அவர் சத்தம் போடாமல் ரொட்டி சுட்டார், இப்போது கருகுவதில்லை. கோவிலுக்குப் போகத் தலை பின்னவேண்டும் என்று மதுஷா அத்தையை எழுப்பப் போனாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டேன். தூங்கட்டும் என்றேன்.

முறைத்தாள். பிறகு சீப்பை என் மடியில் போட்டுவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"மூணு பாகமா பிரிக்கணும். ரெண்டு இல்ல. அம்மா, இழுக்காதீங்க, வலிக்குது!"

பின்னல் கோணல். அப்படியே கோவிலுக்குப் போனாள்.