கல்யாணத்துக்கு முந்தின நாள் சவரம்

இன்று காலை கிண்ணத்தில் சவரச் சோப்பை நனைத்துப் பிரஷால் குழைத்தேன். எழுந்த சந்தன வாசத்தில் நீ வந்துவிட்டாய். போன வருடம் இதே நாட்களில் இந்த வாசம் உன் வீட்டில் இருந்தது.

முப்பது வருடம் ஒரே கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் இருந்தோம். துறைமுகத்தில் நிலக்கரி இறங்கும் தளத்துக்கும் நீ வெள்ளைச் சட்டையில்தான் வருவாய். காலர் நைந்தால் பிரித்து, மறுபுறம் திருப்பித் தைத்துக்கொள்வாய். "ரெண்டே சட்டைதாம்ல. ஒண்ணு மேல, ஒண்ணு கொடியில. அழுக்குன்னு எவனும் சொல்லிரக் கூடாது" என்பாய். உன் கன்னத்தில் ஒருநாளும் தாடி முள்ளை நான் பார்த்ததில்லை.

அப்படிப்பட்ட உனக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்தது, வாய் கோணியது. சவரக் கடைக்காரரைக்கூட நீ உள்ளே விடவில்லை. உன் மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள் உன் மனைவி போனில் அழுதாள். "அண்ணாச்சி, மாதா கோயிலுக்கு வரமாட்டேங்காவ. வாய் கோணுன அப்பன் எதுக்குங்காவ. அப்பா வராட்டா நானும் போவலன்னு மக ஒக்காந்திருக்கா."

நான் வந்தபோது நீ சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாய். எனக்குச் சமாதானம் சொல்லத் தெரியாது. உன் ரேசரையே தேடி எடுத்தேன். வெந்நீரில் துண்டைப் பிழிந்து, பின்னாலிருந்தே உன் தாடிமேல் வைத்தேன். நீ தட்டிவிடவில்லை. வெகுநேரம் கழித்து என் பக்கம் திரும்பினாய்.

"நொரைய ஊறவிடுல. அவசரப்பட்டா ரத்தந்தான்." குழறிய சொற்கள். எனக்குப் புரிந்தது.

அப்படியும் தாடையில் வெட்டிவிட்டேன். படிகாரத்தை வைத்ததும் துள்ளினாய். "இத்தன வயசாயும் கை நிக்கலியால ஒனக்கு?" என்றாய். கோணிய வாயால் சிரித்தாய். வாசலில் நின்ற உன் மகள் அதைப் பார்த்துவிட்டுத் தேம்பினாள்.

மறுநாள் உன் சட்டைக் கையின் பொத்தானை நான்தான் மாட்டிவிட்டேன். மகள் தோளைப் பிடித்தபடி, காலை இழுத்து இழுத்துப் பீடம் வரை நடந்தாய். ஒருவரும் உன் வாயைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் நீ கவலைப்பட்டிருக்க மாட்டாய்.

அதன்பின் ஞாயிறு தவறாமல் பூசைக்கு முன்னால் வந்தேன். ரேசர் தாடைக்குக் கீழே வரும்போது, கேட்காமலே கழுத்தை நீட்டிக் கொடுப்பாய். ஐந்து மாதம். பிறகு பக்கவாதம் இரண்டாவது தடவை வந்தது, உன்னைக் கொண்டுபோய்விட்டது.

உன்னைக் குளிப்பாட்டிய அன்றும் உன் மனைவி என்னைத்தான் கூப்பிட்டாள். அன்று ஓரிடத்திலும் வெட்டவில்லை. கன்னம் முடித்துத் தாடைக்குக் கீழே வந்து, வழக்கம்போல ஒரு நிமிடம் காத்திருந்தேன். நீ கழுத்தை நீட்டவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரேசரைக் கீழே வைத்துவிட்டு அழுதேன்.

என் அப்பாவின் முகத்தைக்கூட நான் தொட்டதில்லை. முன்பெல்லாம் நோயாளியைப் பார்க்கப் போனால் பழத்தைக் கொடுத்துவிட்டுக் கால்மாட்டில் நிற்பேன். எப்போது கிளம்பலாம் என்றிருக்கும். இப்போது அப்படியில்லை. கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொள்கிறேன். அவர்களாக விடும்வரை எழுந்திருப்பதில்லை.