மதிலேறத் தெரியாத கோல்கீப்பர்

ஏப்ரல் 14, ஞாயிறு
இன்றும் தோற்றோம். நான்கு - பூஜ்யம். மிச்சம் ஒரே ஒரு ஆட்டம். வென்றால் முதல் பிரிவில் இருப்போம், இல்லையென்றால் கீழே. பயிற்சியாளர் டோட்சேயை விசாரித்து அறிக்கை எழுதும் வேலையைத் கால்பந்துக் கழகத் தலைவி செர்வா அம்மையார் என் தலையில் கட்டிவிட்டார். “நியாயமா விசாரிங்க ஒபாரே. ஆனா அந்த ஆளை அனுப்பிடுங்க.” டோட்சேயை ஹோ நகரத்திலிருந்து இந்த ஊருக்கு அழைத்துவந்தவனே நான்தான்.

ஏப்ரல் 16
முதல் குற்றம்: நம் நல்ல கோல்கீப்பர் இசாக்குவை உட்காரவைத்தது. கானாவில் யார்தான் வெளியூர் மைதானத்துக்குள் வாசல் வழியாகப் போகிறார்கள்? எதிரணிக்காரன் வாசலில் என்ன சூனியம் புதைத்திருப்பானோ! மதிலேறிக் குதிக்கவேண்டியதுதான். இசாக்கு நூற்றுப்பத்து கிலோ. ஏற முடியவில்லை. அதற்காக, ஏறத் தெரிந்த ஒல்லிக்குச்சியைக் கோலில் நிறுத்துவதா?
“அண்ணே, இசாக்கு வாசல் வழியா வந்தா மத்த பத்து பேரும் அவன் தொட்ட பந்தையே தொட மாட்டேங்கறாங்க. நான் என்ன பண்ணட்டும்?” என்றார் டோட்சே.
‘கண்டிப்பு போதாது’ என்று எழுதிக்கொண்டேன்.

ஏப்ரல் 17
இரண்டாம் குற்றம்: ஆட்டக்காரன் அசாரே மதில் மேல் உட்கார்ந்துகொண்டு, கேப்டன் பதவி தந்தால்தான் இறங்குவேன் என்றானாம். டோட்சேயும் தந்துவிட்டார்! இப்படியே மூன்று கேப்டன்கள் ஆகிவிட்டார்கள். டாஸ் போட மூவரும் போகிறார்கள்.

ஏப்ரல் 18
நீக்கலாம் என்று எழுதிக்கொடுத்தேன். டோட்சே, “கடைசி ஆட்டத்துக்கு யாருண்ணே?” என்று மட்டும் கேட்டார்.

ஏப்ரல் 19
நானாம்.

ஏப்ரல் 20
கொஞ்சம் மூளை இருந்தால் போதும் - ஏணி! எதிரணி ஊரில் வாங்கினால் ஆகாது. நம் தச்சரிடமே வாங்கி, வேனுக்குள் படுக்கவைத்தாயிற்று. நான்கு பேர் அதன் மேல்தான் உட்கார்ந்து வரவேண்டும்.

ஏப்ரல் 21, ஞாயிறு
எழுதவே கை வரவில்லை. முதலில் இசாக்குவை ஏற்றினேன். ஏணி தாங்கியது. மதில் தாங்கவில்லை. புழுதி அடங்கிப் பார்த்தால், இசாக்கு கீறலில்லாமல் உள்ளே உட்கார்ந்திருக்கிறான். மதிலில் மாடு நுழையும் ஓட்டை.
ஒருவனும் நகரவில்லை.
“ஐயா, இது மதிலா, வாசலா?” என்றான் அசாரே.
“மதில்டா! விழுந்த மதில்!”
“ஆள் நடந்து போனா அது வாசல்தானே?”
தள்ளிப்போய் ஏறுங்களேன் என்று கெஞ்சினேன். ஓட்டை விழுந்ததால் மொத்த மதிலுமே கெட்டுவிட்டதாம். மூன்று கேப்டன்களும் மூன்று விதமாகப் பேசினார்கள். வாக்கெடுப்பு நடத்தினோம். ஐந்துக்கு ஐந்து. கால்மணி பார்த்துவிட்டு நடுவர் விசில் ஊதி முடித்துவிட்டார். இசாக்கு மட்டும் கையுறை மாட்டிக்கொண்டு கோலில் தனியாக நின்றான். ஆட்டம் போயிற்று, பிரிவும் போயிற்று. வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 23
டோட்சே வீட்டுக்குப் போனேன். பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். முழுக்கதையையும் சிரிக்காமல் கேட்டார்.
“ஒண்ணே ஒண்ணுண்ணே. பசங்ககிட்ட மதில்னு சொன்னீங்களா, வாசல்னு சொன்னீங்களா?”
“மதில்னுதான்.”
“நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.”
அவருடைய பெட்டி மூட வரவில்லை. யாராவது மேலே உட்கார்ந்தால்தான் மூடும் போலிருந்தது. நான் உட்கார்ந்தேன்.