தாரில் பதித்த சோழி

22-3-1956, வியாழன்

சீனி மச்சான்,

டீக்கு மூன்று கரண்டி சீனி கேட்கிறீர்கள் என்று நான் வைத்த பேர். இனி அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை, எழுதிக்கொள்கிறேன். நீங்கள் போனதிலிருந்து நாலு மாசம் பத்து நாள் இத்தாவில் இருக்கிறேன். வாசல் தாண்டக் கூடாது, அந்நிய ஆண் முகம் பார்க்கக் கூடாது.

என் தம்பி சிராஜ் போட்டிலிருந்து பாட்டரியைக் கழற்றி வந்து என் அறையில் வைத்தான். ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தில் உங்களைக் கைவிட்ட பாட்டரி. இஞ்சின் கிளம்பவில்லையாம், விளக்கும் எரியவில்லையாம். கழியை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கியிருப்பீர்கள், இழுப்பு கொண்டுபோயிருக்கும் என்கிறார்கள். மணல்மேட்டில் நின்ற போட்டுக்கு ஒரு கீறல் இல்லை.

பாட்டரியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். சோழி இல்லை.

புதுசாக வாங்கி வந்த அன்றைக்கு வெயிலில் அதன் மேலே பூசிய தார் இளகியிருந்தது. நான் ஒரு சோழியை அழுத்திப் பதித்தேன். "பாட்டரிக்குக் கண்ணு வெச்சிட்டியா?" என்று சிரித்தீர்கள். அந்தக் கண் எங்கே? இது நம்முடையது இல்லை. யார் மாற்றினது?

23-3-1956

அசன் காக்காதான். வேற யாரு? போட்டில் பாதிப் பங்கு அவருக்கு. தினமும் கூடப் போகிறவர் அன்றைக்கு மட்டும் காய்ச்சல் என்று நின்றுவிட்டார். பாட்டரி கைவிட்டால் ஹாண்டில் போட்டு இஞ்சினைச் சுற்ற இரண்டு ஆள் வேணும் என்று அவருக்குத் தெரியாதா?

2-4-1956

அசன் காக்கா வீட்டில் ரேடியோ பாடுகிறது. கரண்டு வராத தெருவில்! எந்தப் பாட்டரியில் பாடுகிறதாம்? சிராஜை அனுப்பினேன்.

"அது அட்டைப்பொட்டி கணக்கா இருக்குது லாத்தா. தண்ணி ஊத்தாத பாட்டரி. போட்டுக்கு ஆவாது."

அவர் வீட்டு டீயைக் குடித்துவிட்டு வந்து சொல்கிறான்.

20-4-1956, வெள்ளி

சிராஜ் போட்டை எடுக்கப் போகிறானாம். பொன்னேரியில் ஒரு பழைய பாட்டரி பிடித்து வந்திருக்கிறான், புதுசு மாதிரியே இருக்குதாம். நோன்பு திறக்கும்போது அதில் ஒரு பல்பைச் சேர்த்து வைத்தேன். விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுந்தால் பல்புக்குள் கம்பி மட்டும் சிவந்து கிடக்கிறது. திருப்பிக் கொடு என்றேன்.

சாயந்திரம் வந்து சிரிக்கிறான். "கடைக்காரன் இன்னா சொன்னான் தெரியுமா? பொண்ணு பாக்க வர்றவங்க கூட இத்தினி குத்தம் சொல்ல மாட்டாங்களாம்."

"அவன் பொண்ணை ராத்திரியில ஏரியில உடுவானான்னு கேளு."

13-5-1956, ஞாயிறு

பெருநாள் போனது. இரண்டாவது பாட்டரி வந்தது. மூடியைத் திறந்தால் தகடு தண்ணிக்கு மேலே தெரிகிறது. சிராஜ் கிணற்றுத் தண்ணீரை ஊற்றப் போனான், கையைத் தட்டிவிட்டேன். நம் கிணறு உப்பு. மருந்துக்கடைத் தண்ணிதான் அதற்குக் குடிக்கக் கொடுக்கணும் என்பீர்கள். வாங்கி ஊற்றினேன். முனையில் பூத்திருந்த பச்சையை வெந்நீரில் கழுவி கிரீஸ் தடவினேன். விடிந்து பார்த்தால் தரை வெந்து வெளுத்திருக்கிறது. அடியில் விரிசல், ஆசிட் ஒழுகியிருக்கிறது. அதுவும் போனது.

அசன் காக்கா திரைக்கு வெளியே நின்று, "திருப்பி அனுப்பிட்டீங்களாமே? நல்லது செஞ்சீங்கம்மா" என்றார்.

யாருக்கு நல்லது? போட்டு கரையிலேயே மக்கினால் என் பங்கைச் சல்லிசாக வாங்கிக்கொள்ளலாம் என்றா?

9-6-1956

இன்றைக்கும் டீயில் மூன்று கரண்டி போட்டுவிட்டேன். கொட்ட மனசு வரல.

11-7-1956, புதன்

இத்தா முடிந்தது. அசன் காக்கா வாசலில் வந்து நின்றார். "கும்மிடிப்பூண்டி வரிக்கும் ஒருக்கா வாங்கம்மா. தேசப்பன் கடைல உங்க பொருள் ஒண்ணு இருக்குது."

துப்பட்டியைப் போட்டுக்கொண்டு சிராஜோடு போனேன். வழியெல்லாம், இந்த மனுஷன் எதில் கைநாட்டு வாங்கப் பார்க்கிறார் என்றே யோசனை.

தேசப்பன் லாரி பாட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றுகிறவர். உள்ளே பலகையில் வரிசையாக இருந்ததில் ஒன்று என்னைப் பார்த்தது. சோழி.

"உங்க ஊட்டுக்காரர் நூர் பாய்துதாம்மா. சார்ஜுக்கு வெச்சிட்டு, அதுவரிக்கும் வாடகைக்கு ஒண்ணு கேட்டாரு. 'பழசு பாய், வெளக்குக்குத்தான் ஆவும், முகத்துவாரம் பக்கம் போவாதே, வெள்ளிக்கெழமை உன்துதே ரெடியாய்டும்'னேன். அசன் பாய் இங்கயே நின்னுக்கினு சண்டை போட்டாரு. 'இத்த நம்பி நான் ஏற மாட்டேன், நீயும் போவாதே'ன்னு. கேக்கலியே, அக்கரைல அவசர வேலைன்னு கெளம்பிட்டாரு. அப்பால மாசா மாசம் இவர்தாம்மா வந்து சார்ஜ் ஏத்த வெச்சாரு. சும்மா கெடந்தா பாட்டரி செத்துப்பூடும்."

சோழியை விரலால் தடவினேன். பிறகு கேட்டேன், "காய்ச்சல்னு சொன்னீங்களே காக்கா?"

அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். "மவுத்தாகிப் போய்ச் சேந்தவன் மேல பழியப் போட்டு, இத்தாவுல இருக்கறவங்ககிட்ட எப்படிம்மா பேசறது? என்னைத் திட்டினா உங்களுக்கு ஆறும்னு உட்டுட்டேன்."

ஆறல. யார்மேல் கோபம் என்றும் தெரியல. சண்டை போட்டாராம்—இழுத்துப் பிடிச்சு நிறுத்தியிருக்கக் கூடாதா? கூட ஏறியாவது இருக்கக் கூடாதா? பஸ்ஸில் பாட்டரியை என் காலடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். சிராஜைத் தொடவிடவில்லை.

13-7-1956, வெள்ளி

நேற்று ராத்திரி முழுக்கப் பல்பு போட்டுப் பார்த்தேன். சுபுஹு தொழுகைக்கு எழுந்தபோதும் வெள்ளையாகவே எரிந்தது.

ஜும்மா முடிந்து அசன் காக்காவும் சிராஜும் கிளம்பினார்கள். முனை துடைத்து, கிரீஸ் தடவி, நானே தூக்கிக் கொடுத்தேன்.

"இத்தத் திருப்பி அனுப்பலியா லாத்தா?"

"நீங்க ரெண்டு பேரும் திரும்பி வாங்க. அது போதும்."

முதல் சுற்றிலேயே இஞ்சின் பிடித்தது. அசன் காக்கா என் பக்கம் பார்க்காமல் ஒருமுறை தலையை ஆட்டினார். இருட்டியதும் ஏரிக்கரைக்குப் போனேன். தூரத்தில் விளக்கு தெரிந்தது. திரும்பி வந்து கரை தட்டும்வரை அணையவில்லை.

அன்றைக்கு வெள்ளிக்கிழமைக்கு ரெண்டு நாள்தானே இருந்தது? அக்கரையில் அப்படி இன்னா அவசரம், சீனி மச்சான்?