முன்வரிசையில் இரண்டு நாற்காலிகள்

ஒடுகத்தூர்,
ஞாயிறு மாலை.

அன்பு மகள் ஜெயசுதாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை ஆனந்தனும் புனேயில் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் அழுதுவிடுவேன். அதனால் எழுதி, பக்கத்து வீட்டு சரிதாவிடம் கொடுத்து, இதைப் போனில் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறேன்.

ஒரு மாதமாக அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்கிறார், எழுந்திருக்கிறார், வாசலுக்கும் கொல்லைக்கும் நடக்கிறார். இன்று காலை திடீரென்று, "மலைப்பக்கம் சும்மா ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம், கெளம்பு" என்றார்.

வேகமாகவே ஓட்டிப் பழகியவர் இன்று காரை உருட்டிக்கொண்டு போனார். சாமை விளைந்து நிற்கும் கொல்லையைப் பார்த்தால் நிறுத்தினார். சீதாப்பழம் வாங்கினார், தின்னவில்லை. எங்கே போகிறோம் என்று கேட்டதற்கு, "இன்னா அவசரம் உனக்கு?" என்று எரிந்து விழுந்தார்.

கடைசியில் வண்டி நின்றது, நாங்கள் வராமலே நீ கல்யாணம் செய்துகொண்ட அந்தப் பழைய கல் சர்ச் முன்னால். நான்கு வருடமாக நம் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். நான் மட்டும் இறங்கினேன்.

வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த ரஞ்சிதம் என்ற அம்மாள் சொன்னார்: "இவரு வர்றது இது நாலாவது வாட்டிங்க. உள்ள வரமாட்டாரு. வண்டியிலயே குந்திகினு பாத்துட்டுப் பூடுவாரு."

நாங்கள் யார் என்று சொன்னேன். துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டார். "அந்தப் பொண்ணு கேட்டுச்சுன்னு முன்னால ரெண்டு நாற்காலி போட்டேங்க. கல்யாணம் முடியற வரிக்கும் யாரையும் அதுல குந்த வுடல. அது வாசலையே பாத்துகினு இருந்துச்சு."

"எந்த எடத்துல போட்டிருந்தீங்க?" என்று எனக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். ரஞ்சிதம் காட்டிய இடத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் எனக்கும் ஒன்று போட்டார். அரை மணி நேரம் அசையவில்லை.

திரும்பும் வழியில்தான் சொன்னார். இருதயத்தில் அடைப்பாம். வெள்ளிக்கிழமை வேலூரில் ஆபரேஷன். உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். சத்தியம் செய்த கையால்தான் இதை எழுதுகிறேன்.

வியாழக்கிழமைக்குள் இரண்டு பேரும் வந்துவிடுங்கள் கண்ணு. ஏன் வந்தாய் என்று கத்துவார். கத்தட்டும். அந்தச் சத்தம் இந்த வீட்டில் கேட்க வேண்டும். நம் சாமியும் உங்கள் சாமியும் உங்களுக்கு வழித்துணையாக இருக்கட்டும்.

உன் அம்மா,
மணியம்மாள்