ஓடுகிறவன் மேல் எறிந்த பந்து

புரூக்ளின்,
ஜூன் 10, 1860

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சைலஸ் கோலைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக நாலு வரி எழுதிவிட்டு, மீதிப் பக்கம் முழுக்க என் இருமலை விசாரித்திருக்கிறாய். இருமல் போய்விட்டது. மற்றதுதான் தொண்டையில் நிற்கிறது.

தப்பு என்னுடையதுதான். எங்கள் கப்பல்துறையில் கப்பல் பாய் தைக்கிறவன், நன்றியறிதல் பண்டிகைக்குப் போக்கிடம் இல்லாதவன் என்று போன நவம்பரில் நம் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். வான்கோழியைத் தின்றவன் வீட்டையே கொண்டுபோகப் பார்க்கிறான். இங்கே ஒரு வீடு பார்த்து உன்னை அழைத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். அம்மா போன பிறகு எனக்கு உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள்? அவனோ தினமும் காலையில், எல்லோரும் கேட்கும்படி, "என்ன மச்சான், அக்கா ஏதாச்சும் எழுதியிருக்காளா?" என்கிறான்.

பேஸ்பால் நடக்கிறது. இங்கே நியூயார்க் விதிகள். நம் ஊரில் ஓடுகிறவன் மேல் பந்தை எறிந்து பட்டால் அவன் அவுட். இங்கே அது கூடாது. அவன் ஓடிச் சேர வேண்டிய பேஸில் நிற்கும் நம் ஆளிடம்தான் எறிய வேண்டும். பந்தும் நம் ஊர்ப் பந்துபோல மெத்தென்று இருக்காது, கல்லாக இருக்கும். பழக்க தோஷத்தில் என் கை உயர்ந்தால், "மாசசூசெட்ஸ்காரா, கையை இறக்கு!" என்று கத்துகிறார்கள். ஜூலையில் பாய் தைப்பவர்களின் குழுவோடு பந்தயம். சைலஸ் அந்தப் பக்கம்.

கல்யாணத்தை ஒரு வருஷம் தள்ளிப்போடு. எனக்காக.

உன் தம்பி,
ஈபன்

*

மேற்கு மெட்வே, மாசசூசெட்ஸ்,
ஜூன் 17, 1860

என் அருமைத் தம்பிக்கு,

எனக்கு வயது முப்பத்திரண்டு. இன்னும் ஒரு வருஷம் தள்ளினால் மாப்பிள்ளையின் கைக்குப் பதில் ஊன்றுகோலைத்தான் பிடிக்க வேண்டியிருக்கும்.

புரூக்ளினில் வீடு பார்த்து என்னை அழைத்து என்ன செய்வதாக உத்தேசம்? உன் சட்டையைத் துவைக்கவா? அதை இங்கேயே போதுமான மட்டும் செய்தாயிற்று. குறையாகச் சொல்லவில்லை. உன்னை வளர்த்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் பண்டிகையன்று நீ அடுப்பருகே குறட்டை விட்டபோது, பாத்திரம் துடைத்தபடி அவர் கேட்டார்: "இந்தச் செருப்புத் தோல் தைக்கிறது இல்லாம, உனக்கு என்ன பிடிக்கும் ஹல்டா?" அதுவரை என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

செப்டம்பரில் கல்யாணம். ஒரு தடவை அவரை 'அத்தான்' என்று கூப்பிட்டுப் பார், பல் கொட்டிவிடாது. பந்தயத்தில் அவரைத் தோற்கடி, எனக்கு ஆட்சேபமில்லை. கோபத்தோடு மட்டும் ஆடாதே.

உன் அக்கா,
ஹல்டா

*

புரூக்ளின்,
ஜூலை 15, 1860

அக்கா,

வேறு யாரும் எழுதி நீ தெரிந்துகொள்ளக் கூடாது என்று முந்திக்கொள்கிறேன். சைலஸுக்கு அடிபட்டுவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை. இடது கண்ணில் கட்டுப் போட்டிருக்கிறார்கள். கட்டைப் பிரித்த பிறகுதான் எதுவும் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர்.

என் கையிலிருந்து போன பந்துதான்.

நேற்றுப் பந்தயம். கடைசிக் கட்டம், இரண்டு பக்கமும் சமம். ஆரம்பத்திலிருந்தே அவன் வாய் ஓயவில்லை. என்னைத் தாண்டி ஓடும்போதெல்லாம், "செப்டம்பருக்குப் புதுக் கோட்டு தைச்சாச்சா மச்சான்?" கூட்டம் முழுக்கச் சிரிப்பு. அவன் இரண்டாவது பேஸிலிருந்து மூன்றாவதுக்கு ஓடியபோது பந்து என்னிடம் வந்தது. மூன்றாவதில் எங்கள் ஆள் கையை நீட்டிக்கொண்டு நின்றான். அவனிடம் எறிந்திருக்க வேண்டும். கை ஊர்ப் பழக்கத்தில் ஓடுகிறவன் மேல் எறிந்துவிட்டது. நடந்தது இவ்வளவுதான்.

குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்த நடுவர் எழுந்து வந்தார். "இது நம்ம ஆட்டத்துல கிடையாதே, மிஸ்டர் தேயர்" என்றார் என்னைப் பார்த்து. பாய்க்காரர்கள், "வேணும்னே எறிஞ்சான்டா! பிடிங்கடா அவனை!" என்று பாய்ந்து வந்தார்கள். கீழே கிடந்த சைலஸ்தான் தடுத்தான். "விடுங்கடா. அவன் ஊர்ல அப்படித்தான் ஆடுவாங்க."

என்னைக் குழுவிலிருந்து நீக்குவதா என்று கூடிப் பேசப்போகிறார்கள். நீக்கினால் வேணுமென்றே செய்தவன் என்ற பெயர் கப்பல்துறையெல்லாம் நிற்கும். நம் ஊர் ஆட்டம் எப்படிப்பட்டது என்று நீ அவர்களுக்கு ஒரு வரி எழுது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நீயும் என்னோடு ஆடியவள்தானே. நீயாவது நம்புகிறாய் அல்லவா?

உன் தம்பி,
ஈபன்

*

ஹென்றி தெரு, புரூக்ளின்,
ஜூலை 29, 1860

ஈபனுக்கு,

வியாழக்கிழமை இங்கே வந்தேன். சைலஸின் அத்தை வீட்டில் இருக்கிறேன். கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு கடிதம் எதற்கு என்பாய். நேரில் வந்தால் நீ அழுவாய். நீ அழுதால் நான் விட்டுவிடுவேன். எனக்கு விட்டுவிட விருப்பமில்லை.

நீ கேட்ட வரியை ஊரிலிருந்து புறப்படும் முன்பே எழுதி அனுப்பினேன். முழுசாக நம்பித்தான் எழுதினேன். அதை வாசித்துவிட்டு உன்னைக் குழுவிலேயே வைத்துக்கொண்டார்களாம். சைலஸ் சந்தோஷமாகச் சொன்னார்.

கட்டைப் பிரித்தார்கள். இடது கண்ணில் பார்வை இல்லை.

நேற்று அவருக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். நான் உன்மேல் வருத்தமாக இருக்கிறேன் என்று நினைத்து, உனக்காகப் பரிந்து பேசினார். "பாவம் அவன், திட்டாதே. எறியறதுக்கு முன்னாடி 'சைலஸ்!'னு என் பேரைச் சொல்லிக் கத்தினான் தெரியுமா? எனக்கு எச்சரிக்கைதான் பண்ணியிருக்கான். நான்தான் மடையன், குனியாம திரும்பிப் பார்த்துத் தொலைச்சேன்."

கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

நம் ஊரில் எறியப் போகிறவன் மூச்சுக்கூட விடமாட்டான், ஈபன். சத்தம் கேட்டால் ஓடுகிறவன் விலகிவிடுவான். சொல்லாமல் எறிவோம், முதுகில் எறிவோம். அதுதான் பழக்கம். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, முகம் திரும்பியதும் எறிவது எந்த ஊர் ஆட்டம்? உன் கடிதத்தில் எல்லாம் இருந்தது. குடை இருந்தது, நடுவர் சொன்னது இருந்தது. நீ கூப்பிட்டது மட்டும் இல்லை.

அவருக்கு இந்தக் கணக்குத் தெரியாது. அவர் நம் ஊர் ஆட்டத்தை ஆடியதில்லை. நானும் சொல்லப் போவதில்லை. மச்சான் நல்லவன் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். கண்ணோடு அதையும் அவரிடமிருந்து பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. உன்மேல் எனக்குப் பாசம் போய்விடவில்லை. போயிருந்தால் இவ்வளவு வலிக்காது.

செப்டம்பரில் கல்யாணம் இங்கேயே நடக்கும். மாப்பிள்ளைத் தோழனாகப் பக்கத்தில் நிற்க நீதான் வேண்டும் என்கிறார். உனக்கு அழைப்பு எழுதச் சொல்லித்தான் இந்தக் காகிதத்தைக் கொடுத்தார். அழைத்துவிட்டேன் என்று சொல்லிவிடுகிறேன்.

நீ வராதே.

ஹல்டா